மயிலா வாய் வைக்காத ரசம்

சித்தெ நவுந்து உக்காருங்க தம்பி. அட, உங்களைச் சொல்லலீங்க, உங்க பையைச் சொன்னேன். இந்தத் தூக்குப்போசியை மடியில வெச்சா தொடை சுடுது. கீழ வெச்சா பஸ் குழியில எறங்கறப்ப ஊத்திப்போயிரும். நமக்கு நடுவால வெச்சுட்டா கோயமுத்தூரு வரைக்கும் அசையாது. அந்தப் பக்கம் அணை கட்டுனாப்புல நீங்க இருக்கறீங்க, ரசத்துக்கு வேற என்னங்க பாதுகாப்பு வேணும்?

சிரிச்சீங்க பாருங்க, அது போதும். கோவிச்சுக்குவீங்களோன்னு நெனச்சேன். ஒடம்பு பெருத்தவங்கன்னா எனக்கு ஒரு பிரியமுங்க. எங்கூட்டுக்காரி உங்களுக்கும் மேல. மேலன்னா, இருந்தா. அதைத்தான் சொல்ல வர்றேன்.

அந்தக் கவர்ல ஆசுபத்திரி பேரு போட்டிருக்குது, பாத்தனுங்க. வகுத்தைச் சுருக்கற ஆபரேசனுக்குத்தானே போறீங்க? அப்பவே நெனச்சேன். நாளைக்குச் சேரணுமா? ஊட்டுல காலையில வந்துருவாங்களா, சேரி சேரி. அந்த ஆசுபத்திரியில எந்த பெஞ்சு ஆடும், எந்த பெஞ்சு ஆடாதுன்னு எனக்குத் தெரியும், அத்தனை நாள் உக்காந்திருக்கறேன். நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறமேலு முடிவு பண்ணுங்க. வேண்டாம்னு சொல்ல மாட்டேன். வேணும்னும் சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்றேன்.

எம்பேரு சென்னியப்பன். கண்ணாலச் சமையலு. கோபியில எந்த மண்டபத்துல வேணும்னாலும் போயி சென்னியப்பன் மாஸ்டர் ரசம்னு கேட்டுப் பாருங்க, எலைய மடிச்சவங்ககூட மறுபடி விரிச்சு உக்காருவாங்க. பெருமைக்குச் சொல்லல. ஆனா அந்த ரசம் எங்கையில இல்லீங்க தம்பி. மயிலா வாயில இருந்துச்சு. மயிலாத்தா, எஞ்சம்சாரம்.

எப்படீன்னு கேளுங்க. அடுப்புக்கிட்ட நிக்கறவனுக்கு நாக்கு செத்துப்போகும். போதாததுக்கு நான் வெத்தலை பொகையிலை போடறவன், ஒளிச்சு என்ன ஆகப்போகுது. அதனால கண்ணாலமான புதுசுல ஒரு வேலைக்கு அவளையும் கூட்டிட்டுப் போனேன். அண்டாவை எறக்கறதுக்கு முன்னால தொன்னையில எடுத்து, மயிலா, உப்பு பாருன்னேன். பாத்தா. கொஞ்சம் போடுங்கன்னா. போட்டேன். அன்னிக்குப் பந்தியில வந்துச்சு பாருங்க பேரு! அன்னியிலிருந்து மயிலா வாய் வெக்காம எங்க அண்டா எறங்குனதே இல்ல. வேலைக்காரப் பசங்க எல்லாரும் சொல்லுவானுக, அக்கா வாய் ராசி வாயின்னு. கற்பூரம் காட்டற மாதிரி அது ஒரு சடங்காவே ஆயிப்போச்சு. அண்டாவுக்குப் பக்கத்துல ஒரு சேர் போட்டு அவளை உக்கார வெப்போம். சாம்பாரு, ரசம், கூட்டு, பொரியல், பாயாசம், ஒவ்வொண்ணா தொன்னை போகும். அவ தலைய ஆட்டுனா எறக்கு. ஆட்டலைன்னா நான் உப்பு டப்பாவைத் தொறப்பேன்.

சத்தியமங்கலம் வந்துருச்சா? டீ குடிக்கறீங்களா? வேண்டாமா, சக்கரையா? அவளுக்கும் சக்கரைதான்.

ஒடம்பு பெருத்தது எப்படீன்னு டாக்டரு என்னையத்தான் மொறைச்சாருங்க. நான் என்ன அவளை ஊட்டி ஊட்டியா வளத்தேன்? பந்தியில உக்காந்து ஒரு நாள் உண்டவ இல்ல தம்பி அவ. சத்தியமாச் சொல்றேன். எல்லாம் வெறும் ருசி பாக்கறதுதான். தொன்னையில என்ன, ரெண்டு கரண்டி. முகூர்த்த நாளுன்னா ரெண்டு மண்டபம். ராத்திரி வரவேற்பு, காலையில டிபன், மத்தியானம் எலைச் சாப்பாடு. ருசி பாத்ததுலயா ஒடம்பு வரும்? அப்பறம் ஊட்டுக்குப் போயி பசிக்கலைன்னு படுத்துக்குவா. பாருங்க, சோறே உண்ணாம படுத்துக்கறவளுக்கு ஒடம்பு எங்கிருந்து வரும்? அது அவங்க பொறந்த ஊட்டு வாகுங்க.

இந்த ரசத்துல ஒரு சொட்டு நாக்குல விட்டுப் பாருங்களேன். நாளைக்குத்தானே அட்மிசன். வேண்டாமா? தண்ணி மாதிரி ஆகாரம்தான்னு எழுதிக் குடுத்திருக்காங்களா? ரசமும் தண்ணிதானுங்களே. சேரி விடுங்க.

அவளுக்கு மொதல்ல முட்டி போச்சு. அப்பறம் சக்கரை. மாத்திரை, அப்பறம் ஊசி. அப்பறம் பிரசர். தூங்கறப்ப ஒரு கொறட்டை விடுவா பாருங்க, பக்கத்து ஊட்டு நாய் எந்திரிச்சு நின்னுக்கும். நான் அதுல பழகிட்டேன். நடுவால ஒரு நேரம் சத்தமே இருக்காது. நல்லாத் தூங்கறாள்னு நெனச்சுக்குவேன். அப்பறம் பாத்தா ஆசுபத்திரியில ஒரு மிஷினை மாட்டி ஒரு ராத்திரி படுக்க வெச்சுட்டு அந்த டாக்டரம்மா சொல்லுது, சத்தம் நிக்கற நேரத்துல உங்க சம்சாரத்துக்கு மூச்சே நிக்குதுங்க, உங்களுக்குத் தெரியாதான்னு. எனக்கெப்படித் தெரியும்? தூங்கறவளை எழுப்பி மூச்சு விடறியான்னு கேக்க முடியுமா?

அப்பறம் அந்த சேர் ஒடைஞ்ச கதை. நம்பியூர்ல ஒரு கண்ணாலம். அவ உக்காந்த பிளாஸ்டிக் சேர் நாலு காலும் விரிஞ்சு, அப்படியே போயி உக்காந்துட்டா. கையில தொன்னை, மேலெல்லாம் பாயாசம். மாப்ள ஊட்டு ஒரம்பரை அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஊரே சிரிக்கையில நாம மட்டும் உம்முனு நின்னா அது இன்னும் அசிங்கமாப் போயிருமுங்களே. அவளும் சிரிச்சா. நாலு பேரு சேந்துதான் தூக்குனோம். அன்னிக்கு ராத்திரி மகளுக்குப் போன் போட்டு, கண்ணு, எனக்கு அந்த ஆபரேசன் பண்ணிரலாம்னுட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. மக யமுனா சரவணம்பட்டியில கம்ப்யூட்டர் வேலை. அவதான் அந்த ஆசுபத்திரியப் பாத்து வெச்சிருந்தா.

டாக்டரு எங்க எல்லாரையும் உக்கார வெச்சு படம் போட்டுக் காட்டுனாரு. உங்களுக்கும் காட்டியிருப்பாரு. ஒண்ணு, வகுத்து மேல பட்டை போட்டு இறுக்கறது, மூட்டை வாயக் கயித்துல கட்டுனாப்புல. அது இப்ப யாரும் எச்சாப் பண்றதில்லைன்னாரு. இன்னொண்ணு, வகுத்தை நீளவாக்குல அறுத்து முக்காவாசிய வெளிய எடுத்துட்டு, வாழைக்காய் சைசுக்கு மிச்சம் வெக்கறது. பசி கெளப்பற சமாச்சாரமே அந்த எடுத்த பக்கம்தான் இருக்குதாம், அதனால பசியும் அடங்கிப்போகுமாம். மூணாவது, கொஞ்சூண்டு பையி மாதிரி மேல பிரிச்சு வெச்சுட்டு, கொடலைத் தூக்கி அதுல நேரா சேத்தறது. திங்கறது பழைய வகுத்துப் பக்கமே போகாம சுத்திப் போயிரும், ஊருக்குள்ள போகாம பஸ் வெளிய வெளிய போறாப்புல. சக்கரை ரொம்ப இருக்கறவங்களுக்கு அது நல்லதாம், ஆனா ஆயுசுக்கும் சத்து மாத்திரை திங்கோணும். எதைப் பண்ணுனாலும் திங்கற பழக்கத்தை மாத்தலைன்னா பிரயோசனமில்லைன்னு சொல்லிச் சொல்லி வெச்சாரு. மயிலாவுக்கு அந்த வாழைக்காய். உங்களுக்கு? மூணாவதா? அப்ப உங்களுக்குச் சக்கரை கடுசுன்னு அர்த்தம்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ஏனுங்க டாக்டரு, இதுக்கப்பறம் இவளுக்கு ருசி தெரியுமான்னு. அந்த ஆளு என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. யமுனா எந்திரிச்சு வெளிய போயிட்டா. என்ன தப்புங்க தம்பி அதுல? நான் பண்டம் பண்றவன், எனக்கு அதுதானே மொதல்ல தோணும்?

ஆடியில கண்ணாலம் கெடையாதுங்களே, அதனால ஆடிக் கடைசியில வெச்சுக்கிட்டோம். வகுத்துல நாலஞ்சு ஓட்டை, அவ்வளவுதான், மறுநாளே நடக்க வெச்சுட்டாங்க. பயப்படாதீங்க, அந்த வேலையில அவங்க கெட்டி. ஊட்டுக்கு வந்தா. வெறும் தண்ணியும் பருப்புத் தண்ணியும் மோரும், அதுவும் மூடியில ஊத்தி ஊத்தி, உறிஞ்சாம சப்பி முழுங்கோணும். ரெண்டு வாரம் அப்படித்தான், அப்பறம் கூழு மாதிரி கொஞ்ச நாள், அதுக்கப்பறம்தான் சோறு. உள்ளாற தையல் போட்ட எடம் பச்சைப் புண்ணு, அவசரப்பட்டா வாயப் பொளந்துக்கும்னு நர்சம்மா சொல்லித்தான் அனுப்புச்சு. எனக்கும் சொன்னாங்க. சொல்லலைன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆவணி மொத முகூர்த்தம் வந்துருச்சு. அதுதாங்க வெனை. பெரிய எடத்துக் கண்ணாலம், அண்டாவெல்லாம் கொதிச்சு நிக்குது. பசங்க ஒருத்தனும் எறக்க மாட்டேங்கறான். மாஸ்டர், அக்கா வாய் வெக்காம எப்படின்னு என் மூஞ்சியவே பாக்கறானுக. மண்டபத்துக்கு அவ வர முடியாது. ஊடு பக்கத்துத் தெருதான். தட்டத்துல தொன்னைய வரிசையா அடுக்கி நானே எடுத்துட்டுப் போனேன். படுத்திருந்தா. மயிலா, முழுங்க வேண்டாம், நாக்குல வெச்சுத் துப்பிருன்னேன். பாருங்க, எவ்வளவு ரோசனையாச் சொல்லியிருக்கறேன்! அவ என் மூஞ்சியப் பாத்தா. எந்திரிச்சு உக்காந்து, ஒவ்வொண்ணா வாங்குனா. ரசத்துக்கு உப்பு பத்தலைன்னா. பொரியல் சரியா இருக்குதுன்னா. துப்புனாளான்னு கேக்கறீங்களா? எனக்கு அவசரமுங்க, தலைய ஆட்டுனதும் ஓடியாந்துட்டேன். சாப்பாட்டை எங்க துப்புவா அவ, துப்புற பழக்கமே இல்லாதவ.

புளியம்பட்டி. சந்தை நாளாட்டம் இருக்குது, கூட்டத்தைப் பாருங்க. போசியை சித்தெ புடிச்சுக்கங்க.

சாயங்காலம் போனா வாந்தி. வாந்தின்னா நிக்காத வாந்தி. மறுநாள் காச்சலு, இடது தோள்பட்டையில வலி, நெஞ்சு படபடன்னு அடிக்குது. யமுனா வந்து காருல தூக்கிட்டுப் போனா. உள்ள தையல் விட்டுப்போயி கசியுதாம். மறுபடியும் ஓட்டை போட்டுக் கழுவி, மூக்குல ஒரு டியூப், வகுத்துல ஒரு டியூப். ஆகாரமெல்லாம் டியூப்லதான். ஐசியூ கதவுல இருக்கற கண்ணாடி வழியா நான் பாத்துக்கிட்டே நின்னனுங்க. செத்துப்போயிருவாளோன்னு பயந்துட்டேன் தம்பி. நெசமா. மாரியாத்தா, இவளைத் திருப்பிக் குடு, நான் அக்கினிச் சட்டி எடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன்.

டாக்டரு கேட்டாரு, என்ன சாப்ட்டீங்கன்னு. நான் பக்கத்துலதான் நிக்கறேன். மயிலா சொல்றா, பசி தாங்கல டாக்டரு, ஊட்டுல யாரும் இல்லாதப்ப நானே எடுத்துத் தின்னுட்டேன்னு. அவரு புடிச்சு ஏறு ஏறுன்னு ஏறிட்டாரு. இத்தனை சொல்லியும் நாக்கைக் கட்ட முடியலையா, உசுரு மேல ஆசையில்லையான்னு. அவ கண்ணை மூடிக்கிட்டா. பாருங்க தம்பி, அவளே சொல்லிட்டா, அவளே தின்னான்னு. அப்பறம் இதுல என் தப்பு எங்கிருந்து வந்துச்சு? நான் துப்பத்தானே சொன்னேன்? யமுனா என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. அந்தப் புள்ளைக்கு அன்னியிலிருந்து எங்கிட்டப் பேச்சு இல்ல. பெத்தவன்கிட்ட! என்ன தெரியும் அவளுக்கு?

மீண்டு வந்தா. எழுந்து நடந்தா. அப்பறம் ஒடம்பு எறங்குச்சு பாருங்க, நம்ப மாட்டீங்க. சக்கரைக்கு ஊசி நின்னுபோச்சு. பிரசர் மாத்திரை பாதியாச்சு. கொறட்டை போச்சு, அதுக்குன்னு அந்த டாக்டரம்மா குடுத்த, மூஞ்சியில மாட்டுற மூச்சு மிஷினை பொட்டியில வெச்சுக் கட்டிட்டாங்க. நல்லதுதானேங்கறீங்க? நல்லதுதான். ஆனா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குதுங்க. பக்கத்துல சத்தமே இல்லாம ஒருத்தி படுத்திருந்தா, இருக்கறாளா இல்லையான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே கெடக்க வேண்டியிருக்குது. தரையில உக்காந்தா நான்தான் கையக் குடுத்துத் தூக்குவேன். இப்ப அவளே டக்குனு எந்திரிச்சர்றா. நீட்டுன கைய நான் எங்கீங்க கொண்டுபோயி வெக்கறது?

சோறு உண்ண ஆரம்பிச்சப்பறம் ஒரு நாள், டாக்டரே எல்லாம் திங்கலாம்னு சொன்னப்பறம்தான், ரசத்தை எடுத்துட்டுப் போயி மயிலா, உப்பு பாருன்னேன். தொன்னைய வாங்கவே இல்ல. எனக்கு இப்ப ருசி மாறிப்போச்சுங்க, எனக்குத் தெரியலைன்னா. எனக்குப் புடிச்ச கோவத்துக்கு, நடிக்கறியான்னு கேட்டுட்டேன். அவ சத்தமெல்லாம் போடல. இத்தனை வருசத்துல என்னைய உப்பு இருக்குதான்னு கேட்டிருக்கறீங்க, ஒரு நாள் பசிக்குதான்னு கேட்டிருக்கறீங்களான்னா. இது ஒரு கேள்வியா தம்பி? அண்டா அண்டாவா ஆக்கி முன்னால வெச்சிருக்கறேன், அவளுக்கு எப்படீங்க பசிக்கும்? மறுநாள் யமுனா வந்தா, கூட்டிட்டுப் போயிட்டா. புரட்டாசி. ஒரு மாசத்துல வந்தர்றேன்னா. தீவாளிக்கு வரல. பொங்கலுக்கு வரல.

நான் போயிப் பாக்கலையான்னா, எங்கீங்க நேரம்? ஐப்பசி, கார்த்திகை முழுக்க முகூர்த்தம். மார்கழியில மலைக்குப் போறவங்களுக்கு அன்னதானம். அவ போன்ல பேசுவா. நான் முதல்ல கேக்கறது எப்ப வர்றேன்னுதான். யமுனா கொழந்தை அழுகுதுன்னு போனை வெச்சுருவா.

இப்ப என்ன ஆயிப்போச்சுன்னா, வரிசையா மூணு கண்ணாலம் கெட்டுப்போச்சுங்க. ஒண்ணுல உப்புக் கரிக்குது. ஒண்ணுல பாயாசம் சப்புனு கெடக்குது. போன முகூர்த்தத்துல பந்தியிலிருந்து ஆளுக எந்திரிச்சே போயிட்டாங்க. பொண்ணோட அப்பன் கையக் கூப்பிக்கிட்டு, மாஸ்டர், நாங்க என்ன பாவம் பண்ணுனோம்னு கேட்டாரு. செத்துரலாம் போல இருந்துச்சு. நாளைக்கு மண்டபத்துக்காரர் ஊட்டுக் கண்ணாலமே நடக்குது. இதுவும் போச்சுன்னா கோபியில எவனும் என்னையக் கூப்பிட மாட்டான், அவ்வளவுதான் எம்பொழப்பு. யமுனாகிட்டச் சொல்லியனுப்புனா அவ சொல்றா, அப்பா பொகையிலைய விட்டா அவரு நாக்கே அவருக்கு உப்புச் சொல்லும்னு. கேட்டீங்களா பேச்சை! பொகையிலை இல்லாம அடுப்புக்கிட்ட ஒரு நிமிசம் நிக்க முடியுமா?

அதனாலதான் காலையில வெச்ச ரசத்தை எடுத்துக்கிட்டுப் போறேன். அவ வாயில ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு. அதுக்கப்பறம் அவளைக் கூட்டிக்கிட்டு இதே ரோட்டுல திரும்பி வந்தர்றேன். அவ இல்லாம ஊடு ஊடா இல்லீங்க. ரசத்துக்காக மட்டும்னு நெனச்சுக்காதீங்க.

இருங்க, அவதான் கூப்பிடறா. அலோ. ஆ, மயிலா. அன்னூர் தாண்டிட்டேன். கோவில்பாளையம் வரப்போகுது. நீ எங்க வர்றே? நடந்தா? ஏன் நடந்து வர்றே, ஒரு ஆட்டோவப் புடிச்சு வா. சேரி, நடக்கறியோ ஓடறியோ. சரவணம்பட்டியில சிக்னலுக்கு முன்னால ஒரு ஸ்டாப்பு, பின்னால ஒரு ஸ்டாப்பு இருக்குது, நீ எதுல நிக்கறியோ பாத்து எறங்கிக்கறேன். ரசம் கொண்டாந்திருக்கறேன் கண்ணு. அலோ? இருக்கறியா? பக்கத்துல ஒரு தம்பி, உனக்குப் பண்ணுன அதே ஆசுபத்திரிக்குத்தான் போறாரு. ஆமா, நாளைக்கு. என்ன? அவருகிட்டயா? எதுக்கு? சேரி, குடுக்கறேன். தம்பி, இந்தாங்க, உங்ககிட்டப் பேசோணுமாம்.

பேசுங்க, பேசுங்க.

என்னங்க இவ்வளவு நேரமா? ஆமாங்க, ஆமாங்கன்னே சொல்றீங்க.

வெச்சுட்டாளா? என்ன சொன்னா? பயப்பட வேண்டாம்னு சொன்னாளா. நல்லது. படி ஏறறாளாமா? மூணு மாடியா? சொன்னா சொல்லட்டும். காலையில பேத்தியத் தூக்கிக்கிட்டு பார்க்கைச் சுத்தறாளா. அப்பறம்? என்ன தயங்கறீங்க, சொல்லுங்க, நான் என்ன சின்னப் பையனா?

ஆபரேசன் பண்ணிட்டு வந்தப்பறம் அவங்க எழுதிக் குடுத்ததைத் தவிர ஒரு வாய் வாங்காதீங்கன்னாளா. யாரு குடுத்தாலும்.

யாரு குடுத்தாலும்னா சொன்னா? பெத்தவங்க குடுத்தாலும். கட்டுனவங்க குடுத்தாலும்னாளா.

அப்பறம்?

அன்னிக்கு முழுங்கக் கூடாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும், பசியும் இல்ல, அவரு மூஞ்சியப் பாத்துட்டு வாயத் தொறந்துட்டேன்னா. டாக்டருகிட்டக்கூட சொல்லலைன்னாளா. மொதமொதல்ல உங்ககிட்டத்தான் சொல்றன்னா.

எம்மூஞ்சியப் பாத்தா? எம்மூஞ்சியில என்னங்க இருந்துச்சு? நான் தட்டத்தத்தானே புடிச்சுக்கிட்டு நின்னேன். அண்டா கொதிக்குதேன்னு நின்னேன். அவ்வளவுதான் நின்னேன்.

யாரோ ஊரு பேரு தெரியாத ஒருத்தருகிட்டச் சொல்றா. எங்கிட்டச் சொல்லலாமில்ல? இத்தனை மாசம் போன்ல பேசறாளே, ஒரு நாள் சொல்லலாமில்ல? நான் கேட்டிருக்க மாட்டனா?

நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் தம்பி. சன்னலைச் சித்தெ தொறந்து விடுங்க. காத்தே வரல.

கோவில்பாளையமும் போயிருச்சு. இந்த ரோட்டுல இப்ப எத்தனை கட்டடம் பாருங்க. அந்த வெத்தலைப் பொட்டலத்தை அந்தப் பக்கப் பாக்கெட்டுல வெச்சிருக்கறேன், வேண்டாம், விடுங்க, அப்பறம் போட்டுக்கறேன்.

சரவணம்பட்டி ஆரம்பிச்சுருச்சு. இந்த ஸ்டாப்புலயா நிக்கறா, பாருங்க, உங்க பக்கம்தான் சன்னல். ஒடம்பு பெருத்த பொம்பளை யாராச்சும் நிக்குதா? காலேஜ் புள்ளைக. ஒரு கிழவரு. ஒரு பச்சைச் சேலை கொழந்தையத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்குது, கால்ல ஓடறவங்க போடற பூட்சு, இந்தக் காலத்துப் பொம்பளைகளைப் பாருங்க. யாருக்கோ கையக் காட்டுது. நம்ம பஸ்ஸுல யாரையோ கூப்பிடுதாட்டம் இருக்குது. மயிலா இல்லீங்க. மயிலா நின்னா அந்த ஸ்டாப்புல வேற ஆளே தெரியாது. அப்ப அடுத்த ஸ்டாப்பு. நீங்க உக்காருங்க, நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க? போலாம் ரைட்டுன்னுட்டாரு.

மறுபடியும் அவதான். அலோ. எங்க மயிலா நிக்கறே? என்ன? நான் உன்னையப் பாத்தனா? எங்க பாத்தேன்? நேராப் பாத்துட்டுப் போனனா?

என்ன சேலை கட்டியிருக்கறே?

அழுகாதே. மயிலா, அழுகாதே கண்ணு. நான் வேணும்னு போகல. எனக்குத் தெரியல. சத்தியமாத் தெரியல. அங்கயே நில்லு. ஒரு எட்டுகூட நகராதே, நான் வர்றேன்.

கண்டக்டரே! நிறுத்துங்க! ஸ்டாப்பு இல்லைன்னா என்ன, நிறுத்துங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எஞ்சம்சாரமுங்க அங்க நிக்கறது. பச்சைச் சேலை. பொண்டாட்டிய அடையாளம் தெரியாம தாண்டி வந்துட்டேன், போதுமுங்களா? நிறுத்துங்க.

வழி விடுங்க தம்பி. காலைச் சித்தெ. இல்ல, அதை எடுத்துக் குடுக்காதீங்க, வேண்டாம். போசி உங்ககிட்டயே இருக்கட்டும். இல்ல, இருக்கக் கூடாது, எறங்கற எடத்துல சாக்கடையில ஊத்திருங்க. மண்டபத்துல காத்துக்கிட்டிருக்கானுக, இருக்கட்டும், நாளைக்கு நடக்கறது நாளைக்கு. அவ கைக் கொழந்தையோட வெயில்ல நிக்கறா. மத்தியானம் ஏதாச்சும் உண்டாளோ என்னமோ, நான் கேக்கவே இல்ல.

தம்பி, அந்த ரசத்தை நீங்களும் வாயில வெச்சுராதீங்க. நான் அப்ப குடிக்கச் சொன்னேனேன்னு ஒரு சொட்டுகூட வெச்சுராதீங்க.